இசைத்தட்டும் எண்முறை இசையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டினையும் கூறிய பின்னர், 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். நூலைக் கற்க இயலாதவனும் செவியால் அறிவு பெறலாம் என்பது அவ்வதிகாரத்தின் உட்கிடை. இசைத்துறையில் இக்கருத்து 'கேள்வி ஞானம்' என்னும் தொடராக இன்றும் வாழ்கிறது. ஆசானிடம் முறையாகப் பயிலாமல், கேட்டுக் கேட்டே இசையறிவு பெற்றவரைக் 'கேள்வி ஞானம் உடையவர்' என்று ஊரார் மதித்துச் சொல்வர். இக்கேள்வி ஞானத்தை வளர்த்ததில் இசைத்தட்டுக்குரிய பங்கு யாது? இன்று டிஜிட்டல் என வழங்கும் எண்முறை இசை அதனை வளர்க்கின்றதா, தளரச் செய்கின்றதா? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

ஒலி மறைந்த வரலாறு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டினால் சுரங்கள் பிறக்கின்றன. கல் சுரத்தைக் காத்தது. அச்சுரங்களைக் கொண்டு அன்று பாடிய பாடகரின் குரலைக் கல்லால் காக்க முடியவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை வகுத்துரைக்கிறது. ஆயினும் அந்த யாழ் எழுப்பிய ஓசை எவ்வாறு இருந்தது என்பதனைக் காட்டவல்ல சான்று ஏதும் இல்லை. மட்டக்களப்பில் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழின் அமைப்பையும் இசையையும் நூற்சான்றுகளைக் கொண்டே மீட்டெடுக்க நெடுங்காலம் உழைத்து, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். ஒலி கிடைக்காத இடத்தில் சொல்லைக் கொண்டு ஒலியைத் தேடிய பெருமுயற்சி அது.

பழங்கதை மட்டுமன்று இது. தக்கலைக்கு அருகிலேயே இதற்கொரு சான்று உண்டு. பத்மநாபபுரத்தோடு வாழ்வால் பிணைந்தவர் நீலகண்ட சிவன். 1839இல் பிறந்த அவர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகள் இன்றும் இசையரங்குகளில் பாடப்படுகின்றன. பாபநாசம் சிவனுக்கு அவர் பாடல்கள் வழிகாட்டியாக அமைந்தன என்பதும் இசையுலகம் அறிந்ததே. அவர் 1900ஆம் ஆண்டில் மறைந்தார். இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902 நவம்பரில், கல்கத்தாவில் தொடங்கியது. இடைவெளி இரண்டே ஆண்டுகள். அவ்விரண்டு ஆண்டுகளால் ஒரு குரல் என்றென்றைக்குமாக மறைந்தது. பாடல்கள் மாணவர் நாவிலும் அடியார் நாவிலும் தங்கின. பாடியவர் குரல் தங்கவில்லை.

அரக்கில் பதிந்த குரல்

எடிசன் 1877இல் ஒலியை உருளையில் பதித்தார். எமில் பெர்லினர் 1887இல் உருளையைத் தட்டாக மாற்றினார். ஒரே அச்சிலிருந்து எண்ணற்ற படிகளை எடுக்கத் தட்டே ஏற்றதாக இருந்தது. கிராமபோன் நிறுவனத்தின் பொறியாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். பாடி முடித்தவுடன் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே சொல்லி முடிப்பது வழக்கம். தட்டு அச்சாகும் இடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரம்; அங்குள்ள தொழிலாளருக்குப் பாடியவர் இன்னார் எனத் தெரிய வேண்டுமல்லவா? 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை அமைந்த பின்னர் இந்தியத் தட்டுகள் இந்தியாவிலேயே அச்சாயின.

அக்காலத் தட்டுகளை இன்று 'வினைல்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றனர். அது பொருந்தாது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழந்தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினே அவ்வரக்கு. உலகுக்கு அதனைப் பெருமளவில் அளித்தது இந்தியாவே. வினைல் என்னும் நெகிழிப் பொருளால் ஆன, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டு 1948இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். நெடுந்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேலும் பாடும்.

தமிழகத்தில் 1930களில் நாடகப் பாடல் தட்டுகள் பெருவழக்குப் பெற்றன. பின்னாளில் திரைப்படத் துறையில் பெயர் பெற்ற ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் தட்டுகளை விற்ற அனுபவத்தோடுதான் படத்தயாரிப்பில் இறங்கினார். மேடை நாடகத்துக்கும் பேசும் படத்துக்கும் இடையே இசைத்தட்டு ஒரு பாலமாக நின்றது எனலாம்.

இங்கே செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைத்துப் பார்த்தல் தகும். 1956 நவம்பர் முதல் நாள் வரையில் செங்கோட்டையும் தக்கலையும் ஒரே திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி) ஆட்சியின் கீழ் இருந்தவை. 1906இல் பிறந்த கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் நாள் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்திருந்தும், அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே அவருடைய குரலுக்கு இன்று எஞ்சியுள்ள சான்று அரக்குத் தட்டுகளே. நீலகண்ட சிவனுக்குக் கிட்டாத பேறு, முப்பத்துமூன்று ஆண்டு இடைவெளியில் கிட்டப்பாவுக்குக் கிட்டியது. இதனை ஒப்பிட்டு நோக்கும்போதுதான் இசைத்தட்டு செய்த பணியின் அளவு விளங்கும்.

கேட்டல் என்னும் செயல்

பழைய 'பாட்டுப் பெட்டி'யில் பாட்டுக் கேட்பது எளிய செயலன்று. உறையிலிருந்து தட்டை விளிம்பு பற்றி எடுத்தல் வேண்டும். துணியால் தூசு துடைத்தல் வேண்டும். சாவி கொடுத்து வில்லை முறுக்குதல் வேண்டும். எஃகு ஊசியை மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பதே முறை. பாட்டின் இடையில் வில் தளர்ந்தால் பாடகரின் சுருதி இறங்கும்; குரல் இழுபடும்; வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் ஓடிச் சென்று சாவி கொடுப்பார். மூன்று நிமிடம் முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்பியாக வேண்டும். இத்தனை உழைப்பையும் செலுத்திய பின்னர் கேட்கும் பாட்டை எவரும் பாதியில் விட்டுச் செல்வதில்லை.

ஒரு வீட்டில் இருந்தவை பத்துத் தட்டுகளானால், அப்பத்தும் நூறு முறை ஒலித்தன. எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குகிறார், எந்தச் சங்கதியை இரண்டாம் முறை மாற்றிப் பாடுகிறார், ஆர்மோனியம் எங்கே முந்துகிறது என்பனவெல்லாம் கேட்போருக்கு மனப்பாடமாயின. கேள்வி ஞானம் பிறந்த இடம் இதுவே. மிகுதியான இசை அதனைத் தரவில்லை. குறைந்த இசையை மீண்டும் மீண்டும் கேட்டமையே தந்தது.

இசைத்தட்டுக்குச் சமூகச் சிறப்பு ஒன்றும் உண்டு. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். அதற்கு முன்னர், கோயில் மண்டபத்து நாகசுரத்தை மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் பலர். அரக்குத் தட்டுக்கு அந்த மதில் இல்லை. விலை என்னும் மதில் இருந்தது. ஆனால் ஒருவர் வாங்கிய தட்டைத் தெருவே கேட்டது. பின்னர் மின் ஒலிபெருக்கி வந்தபோது, கலியாண வீட்டு மைக் செட்டுக்காரரின் தட்டுப் பெட்டியே ஊருக்கு இசை நூலகம் ஆயிற்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் திருவனந்தபுரம் வானொலியும் அத்தட்டுகளின் குரலையே காற்றில் அனுப்பின. 1984இல் நாகர்கோயிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கிய காலத்திலும் தட்டு வழக்கொழிந்து போகவில்லை.

மக்கள் பேச்சில் இதன் தடம் இன்னும் அழியவில்லை. சொன்ன சொல்லை மாற்றுபவரைப் 'பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்' என்கின்றனர். சொன்னதையே சொல்பவர் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' ஆகிறார். தட்டையே காணாத இளைஞரும் இத்தொடர்களைப் பயன்படுத்துகின்றனர். கருவி மறைந்த பின்னும் சொல் வாழ்கிறது என்றால், அக்கருவி எவ்வளவு ஆழமாகக் குடும்பங்களுக்குள் புகுந்திருந்தது என்பதை உணரலாம்.

தட்டு விட்டுச் சென்றவை

இசைத்தட்டைப் புகழ்வோர் அதன் குறைகளையும் கூறுதல் நேர்மை. மூன்று நிமிடம் என்பது ஒரு சட்டகம். அச்சட்டகத்துக்குள் அடங்கியதே பதிவாயிற்று. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை தோடி இராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க வல்லவர். புகழ்பெற்ற அவருடைய தோடித் தட்டில் நிலைத்திருப்பதோ சில நிமிடங்கள் மட்டுமே. அச்சில நிமிடங்களே நாகசுரம் பயில்வோருக்குப் பாடநூலாயின என்பது அவருடைய மேதைமைக்குச் சான்று. எனினும் ஆலாபனையின் பெரும்பரப்பு தட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டோ இரவெல்லாம் நீளும் கலை. கதை வளர வளர, கேட்போரின் முகம் பார்த்து, புலவர் பாட்டை விரிப்பார், சுருக்குவார். தக்கலையில் பீர்முகமது அப்பா அவர்களின் 'ஞானப்புகழ்ச்சி', ஆண்டுவிழா இரவில் அடியார்கள் கூடி விடிய விடியப் பாடுவது. இவற்றை மூன்று நிமிடத் துண்டுகளாக நறுக்கினால் எஞ்சுவது சக்கைதான். ஆகவே தட்டில் இல்லாதது இசையே அன்று எனக் கருதுவது பெரும்பிழை. சந்தையில் விற்கத் தக்கவற்றை நிறுவனங்கள் பதிவு செய்தன. மற்றவை ஊராரின் நாவிலும் செவியிலும் தங்கின.

செவியின் தீர்ப்பும் அளவையின் தீர்ப்பும்

1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. ஒலியலையை ஒரு நொடியில் 44,100 முறை அளந்து, அவ்வளவுகளை எண்களாக எழுதிவைத்தல் அதன் முறை. 'அளக்கும் இடைவெளிகளில் இசை தப்பிப் போகிறது. தட்டிலோ இசை அறுபடாமல் ஓடுகிறது' என்று தட்டு அன்பர்கள் வாதிடுவர். இவ்வாதம் அறிவியலுக்கு உடன்பாடானதன்று. மனிதச் செவி கேட்கவல்ல எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அவ்வெல்லையைப் போல் இருமடங்குக்கு மேல் அளந்துவிட்டால், செவிக்கு எட்டும் அலை முழுவதையும் மீட்க முடியும் என்பது நிறுவப்பட்ட கணித உண்மை.

மெல்லிய ஒலிக்கும் வலிய ஒலிக்கும் இடையே உள்ள வீச்சிலும் குறுந்தகடே மேம்பட்டது. தட்டில் ஊசியின் உராய்வொலி உண்டு. தட்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்க, ஊசிக்கடியில் பள்ளம் நகரும் வேகம் குறைவதால், தெளிவும் குறையும். தாழ்ந்த ஒலிகளை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தில் மோதிவிடும். எனவே பதியும்போது தாழொலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் பதிவு செய்து, கேட்கும்போது ஒலிபெருக்கியில் அதனைச் சரிசெய்கின்றனர். இவ்வாறாயின் தட்டின் ஒலியில் அன்பர்கள் உணரும் 'கனிவு' பொய்யா? பொய்யன்று. அக்கனிவு ஒரு பகுதி தட்டின் இவ்வியல்புகளால் விளைவது. மறுபகுதி கேட்போரின் நினைவாலும் கவனத்தாலும் விளைவது. பனையோலைச் சுவடியைக் கையில் ஏந்திப் படிப்பவர் பெறும் நிறைவு அச்சு நூலில் இல்லை என்பதற்காக, சுவடியில் பிழையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எண்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. எம்.பி.3 முதலிய சுருக்க முறைகள், செவி பெரும்பாலும் கவனிக்காது எனக் கணித்த ஒலிக்கூறுகளை நீக்கிவிடுகின்றன. சுருக்கம் மிகுந்தால் தம்பூராவின் கார்வையும் மிருதங்கத்தின் மீட்டுச் சொல்லும் முதலில் நலிவடையும். இது சுருக்கியவரின் குற்றமே அன்றி எண்ணின் குற்றமன்று. இன்று வெளியாகும் புதிய வினைல் தட்டுகள் பலவும் எண்முறைப் பதிவிலிருந்தே வெட்டப்படுகின்றன என்பதையும் மறத்தலாகாது.

எனினும் உலகம் மீண்டும் தட்டை நாடுகிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளின் எண்ணிக்கையை விஞ்சியது. 1987க்குப் பின்னர் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. இணையத்தில் கோடிக்கணக்கான பாடல்கள் விரல் நுனியில் கிடைக்கும் காலத்தில், இளைஞர்கள் ஏன் பணம் கொடுத்துக் கனத்த தட்டை வாங்குகின்றனர்? ஒலித் தரத்தை மட்டும் வேண்டி அன்று. ஒரு பாட்டோடு தங்கியிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதே காரணமாகத் தோன்றுகிறது. தட்டு அவர்களை உட்கார வைக்கிறது. முப்பதாவது நொடியில் அடுத்த பாட்டுக்குத் தாவவிடாமல் தடுக்கிறது. அத்தடையே அதன் கொடை.

எண்முறை தரும் கொடை

இதனால் எண்முறை இசையை ஒதுக்கிவிடல் வேண்டும் என்பது கருத்தன்று. தட்டால் தாங்க இயலாத வில்லுப்பாட்டின் ஓர் இரவை, முழுமையாக, சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவி தாங்கும். எத்தனை முறை கேட்டாலும் அப்பதிவு தேயாது; எத்தனை படி எடுத்தாலும் மூலத்துக்கும் படிக்கும் வேறுபாடு இராது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் வழியே ஓடியன் தட்டுகள் எண்முறைக்கு மாற்றப்பட்டு, உலகத்தார் கேட்க வழி செய்யப்பட்டது. எண்முறை இல்லையேல் அக்குரல்கள் ஒருசில சேகரிப்பாளரின் அலமாரிகளோடு நின்றிருக்கும்.

ஆனால் எண்முறையில் இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று, பெயர் தொலைதல். தட்டின் நடுவே வட்டத் தாளில் பாடலின் முதற்குறிப்பு, இராகம், தாளம், பாடியவர், தட்டு எண் ஆகியன அச்சாகியிருக்கும். இணையத்தில் உலவும் பழம்பாடல்கள் பலவற்றில் இக்குறிப்புகள் இல்லை, இருப்பனவும் பிழைபட்டுள்ளன. தமிழ்ச் சுவடிகளில் ஆசிரியர் பெயர் தொலைந்தமையால் ஆய்வாளர் பட்ட அல்லல் அனைவரும் அறிந்ததே. அதே அல்லல் ஒலியிலும் தொடர இடம் தருதல் ஆகாது. மற்றொன்று, உடைமை இன்மை. மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் இசை, கட்டணம் நின்றவுடன் நின்றுவிடும். நிறுவனம் நீக்கினால் பாடலும் நீங்கிவிடும். தாத்தாவின் தட்டு பேரனைச் சேர்ந்தது. தாத்தாவின் கட்டணக் கணக்கு அவ்வாறு சேருமா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

நாஞ்சில் நாட்டின் கடமை

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வயலுக்கு அது வாழ்வு. பழந்தட்டுக்கு அது பகை. ஈரத்தால் பூஞ்சை படர்கிறது, உறைத்தாள் கரைகிறது, நடுத்தாளின் எழுத்து அழிகிறது. பழைய வீடுகளை இடிக்கும்போது தட்டுகள் பழைய இரும்போடு எடைக்குப் போகின்றன. கீழே விழுந்தால் அரக்குத் தட்டு ஓடுபோல் நொறுங்கும். நொறுங்கிய தட்டின் வேறொரு படி எங்கேனும் உள்ளதா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே இலக்கிய அமைப்புகள் மேற்கொள்ளத் தக்க பணிகள் சில உள்ளன. முதலாவது, தட்டு உள்ள வீடுகளை அறிந்து, நடுத்தாளிலுள்ள செய்திகளை ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்தல். இதற்குச் செலவு ஏதுமில்லை. இரண்டாவது, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்களைப் போல் நிறுத்தி வைக்கச் சொல்லுதல். மூன்றாவது, அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கலாகாது என உணர்த்துதல். ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். நான்காவது, எண்முறைக்கு மாற்றும்போது உரிய ஊசியையும் உரிய வேகத்தையும் பயன்படுத்துதல். 78 தட்டுக்குரிய ஊசிமுனை நெடுந்தட்டுக்குரியதைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனானது. தொடக்ககாலத் தட்டுகள் யாவும் சரியாக 78 முறை சுழலுமாறு பதியப்பட்டவையும் அல்ல. வேகம் தவறினால் சுருதி தவறும். கிட்டப்பாவின் குரல் கிட்டப்பாவின் குரலாக இராது. இசையறிந்த ஒருவர் அருகில் இருந்து சுருதியைத் தேர்ந்து சொல்லுதல் வேண்டும். எந்திரத்தோடு கேள்வி ஞானமும் சேர்ந்தாலன்றி இப்பணி செம்மையுறாது.

ஐந்தாவது பணியே தலையாயது. மாதம் ஒருநாள் கூடி, ஒரே ஒரு பாடலை, இருமுறை கேட்டுப் பேசுதல். அது தட்டிலிருந்து வரினும் ஆகும். செல்பேசியிலிருந்து வரினும் ஆகும். தட்டின் காலத்தில் கருவியின் குறையால் தானே அமைந்த கவனத்தை, எண்முறைக் காலத்தில் கேட்போர் தம் விருப்பத்தால் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். கவிதையைக் கூடிப் படிக்கும் அமைப்புகளுக்கு இசையைக் கூடிக் கேட்பது புதிதன்று.

தொகுத்துக் கூறின், குரலைக் காக்கும் ஆற்றல் எண்முறைக்கு மிகுதி. கேட்கக் கற்பிக்கும் ஆற்றல் தட்டுக்கு மிகுதி. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பழிப்பதால் பயனில்லை. காத்த குரலைக் கேட்பார் இல்லையெனில், எண்களாக நிற்பது குரலன்று, வெறும் கணக்கே.

நீலகண்ட சிவன் குரல் இரண்டு ஆண்டுகளில் தவறிப்போயிற்று. அன்று கருவி இல்லை. எவரையும் குறை கூற இயலாது. இன்று கருவி எல்லார் கையிலும் உள்ளது. இனி ஒரு குரல் தவறிப்போனால் கருவியின் மேல் பழி போட முடியாது. வில்லெடுத்துப் பாடும் முதியவரும், பழந்தட்டு வைத்திருக்கும் குடும்பத்தாரும் இந்த ஊர்களில் இன்றும் இருக்கின்றனர். அடுத்த பத்தாண்டு நிறைவுக்கு முன்னர் அவர்கள் வாயிலில் சென்று நிற்பது இலக்கிய வட்டங்களின் கடமை.